செம்மண் வளவில் ஒரு 56 பாகை வெட்ஜ்: பேக்ஸ்பின் பழகிய அனுபவம்

கோல்ஃபில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, நோக்கி அடிக்கும் பந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதற்காக, முகம் 56 பாகை சாய்ந்த ஒரே வெட்ஜை, அதாவது குறுகிய தூரத்துக்கு உயரமாக அடிக்கும் கிளப்பை, பல வருடங்களாக வைத்துப் பழகி வருகிறேன். பயிற்சி யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டுப் பின்வளவில். ஆட்டம் பெரும்பாலும் திருகோணமலை சீனக்குடாவில், விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானத்தில். எப்போதாவது கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் போவதுண்டு. இவ்வளவு காலப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: அடிபடும் நேரத்தில் வெட்ஜின் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. புல், மண், பனித்துளி, எதுவுமே கூடாது. கீழே நான் சொல்லும் பந்து, துவாய், அடிக்கும் விதம் எல்லாமே இந்த ஒரு விசயத்துக்குள் அடங்கும்.

பந்து முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, சாய்ந்த முகத்தில் மேல்நோக்கி வழுக்கப் பார்க்கும். முகம் அதைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடியில்தான் பந்து பின்பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது, இதுதான் பேக்ஸ்பின். பிடி எவ்வளவு என்பதை உராய்வு தீர்மானிக்கும். நடுவே ஒரு புல்லின் சாறு வந்தாலும் பிடி போய்விடும். அமெரிக்காவின் தொழில்முறை பீஜீஏ தொடரில் விளையாடுபவர்களின் பிட்சிங் வெட்ஜ் அடியில் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 9,300 சுற்று சுழல்கிறது. நடுத்தரத் தூரத்துக்கான 7 அயன் கிளப்பில் அது சுமார் 7,100, மிகத் தூரம் அடிக்கும் டிரைவரில் 2,700 அளவுதான். அவர்களின் வெட்ஜ் பந்து கிரீனில் இறங்கும் கோணம் 50 பாகைக்குச் சற்று மேல். பந்தை நிறுத்துவது சுழற்சி மட்டும் அல்ல, இந்தச் செங்குத்தான இறக்கமும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் பந்து விழுந்து பின்னால் ஓடிவருவதைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது. பின்னால் ஓட வேண்டும் என்றால் கிரீன் மிருதுவாக இருக்க வேண்டும், பின்னிருந்து முன்னோக்கிச் சரிவும் இருக்க வேண்டும். நமக்கு ஒரு துள்ளல், பிறகு நிற்றல், அது போதும். அதைக் குறி வைத்தால் ஸ்கோர் இறங்கும், கோல்ஃபில் குறைந்த ஸ்கோர்தான் நல்லது.

என் வெட்ஜின் பவுன்ஸ் 10 பாகை. அதாவது அடிப்பகுதி கொஞ்சம் தடித்து, மண்ணுக்குள் ஆழப் புதையாமல் வழுக்கிச் செல்லும். மழைக்குப் பிறகு இளகிவிடும் நிலத்துக்கு இது நல்ல தெரிவு. கோடையில் எங்கள் மண் இறுகிக் கிடக்கும்போது குறைந்த பவுன்ஸ் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ஆனாலும் இரண்டு காலத்துக்கும் ஒன்றை வைத்துச் சமாளிக்க 10 பாகை சரி.

பந்துக்கு வருவோம், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கும் பொருட்களில் மிகப் பெரிய வித்தியாசத்தை நான் கண்டது இதில்தான். கோல்ஃப் பந்தின் மேலுறை பொதுவாக இரண்டு வகை. ஒன்று அயனோமர், இது கடினமானது, மலிவானது, எளிதில் கிழியாது. மற்றது யூரித்தேன், மிருதுவானது, விலை கூடியது. டிரைவரால் அடித்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வெட்ஜால் அடித்தால் உடனே தெரியும். மிருதுவான உறை முகத்தின் பள்ளக் கோடுகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும், கடினமான உறை வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். சீனக்குடாவில் ஒரே இடத்திலிருந்து, அதே வெட்ஜால், அயனோமர் பந்தையும் யூரித்தேன் பந்தையும் மாறி மாறி அடித்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது விழுந்து உருண்டு கிரீனின் பின்விளிம்புவரை போகும். இரண்டாவது ஒரு துள்ளலில் அடங்கும். அடித்தவனும் கருவியும் ஒன்றேதான்.

டைட்டிலிஸ்ட் புரோ வி1 என்னும் பந்து 2000 ஆம் ஆண்டு வந்தபோது பந்து உலகத்தையே மாற்றியது இதனால்தான். அதற்கு முன்பு வெட்ஜில் நன்றாகச் சுழல வேண்டும் என்றால் நூல் சுற்றிய பழைய வகைப் பந்து, தூரம் வேண்டும் என்றால் கடினமான பந்து என்று பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. திண்மையான நடுப்பகுதியையும் யூரித்தேன் உறையையும் சேர்த்தபோது இரண்டும் ஒரே பந்தில் கிடைத்தன. ஸ்ரிக்சன் இசட்-ஸ்டாரும் யூரித்தேன் உறைதான். இப்படிப்பட்ட பந்துகளை இங்கே வாங்குவது எளிதல்ல. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் ஏறியபோது இறக்குமதிப் பொருள் எதையும் தொட முடியவில்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சானிடம், “சொக்லேட்டும் சென்ட்டும் வேண்டாம், ஒரு பெட்டி பந்து கொண்டு வா மச்சான்” என்று சொல்லிவிட்டேன். அவன் இன்றுவரை தவறாமல் கொண்டு வருகிறான்.

குளத்தில் விழுந்து எடுத்த பழைய பந்துகளும் விற்பனைக்கு வரும். நல்லதும் இருக்கிறது. ஆனால் ஒருமுறை நான் வாங்கிய தொகுதியில் பல பந்துகள் புதிதாக வர்ணம் பூசி, பெயர் மீண்டும் அச்சிட்டவை. வெட்ஜ் அடித்ததும் பூச்சு உரிந்தது, சுழற்சியும் சீராக இல்லை. பழைய பந்து வாங்குபவர்கள் பூச்சு பூசாததா என்று கேட்டே வாங்குங்கள்.

சரி, வளவுப் பயிற்சி. குருநகர்ப் பக்கத்தில் வாங்கிய பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாக்கி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறேன். வலைக்கு முன்னால் புல் இல்லாத செம்மண் துண்டு. முந்தின மாலை தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது அதற்கும் கொஞ்சம் விட்டால் காலையில் மேற்பரப்பு இறுகியும் இளகியும் சரியான பதத்தில் இருக்கும். ஒரு கயிற்றை இழுத்து அழுத்தினால் நேர்கோடு விழும். பந்தைக் கோட்டின் மேல் வைத்து அடிப்பேன். பந்து முதலில் அடிபட்டிருந்தால் மண் பெயர்ந்த தடம் கோட்டுக்கு அப்பால், இலக்குப் பக்கம் தொடங்கும். கோட்டுக்கு முன்னாலேயே தொடங்கினால் மண் முதலில், பந்து பிறகு. அப்படியானால் முகத்தில் மண் ஒட்டிவிட்டது, சுழற்சி போய்விட்டது என்று அர்த்தம். புல்தரையில் இந்தத் தடம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சிவந்த மண்ணில் தவறு கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்தமாதிரித் தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல் எனக்கு இவ்வளவு கற்றுத் தந்தது இந்த மண்தான், அதை நான் மனதாரச் சொல்வேன்.

அடிக்கும்போது நான் பார்ப்பது மூன்று நான்கு விசயம். பந்து இரண்டு காலுக்கும் நடுவில், எடை சற்று இடது காலில், கைகள் பந்துக்கு ஒரு சிறிது முன்னால். கைகளை மிகவும் முன்னே தள்ளக்கூடாது. அப்படித் தள்ளினால் முகத்தின் சாய்வு குறைந்து பந்து தாழ்வாகப் போகும். கிளப் கீழிறங்கும் பாதைக்கும் அடிபடும் நேரத்து முகச் சாய்வுக்கும் இடையிலான கோணம்தான் சுழற்சிக்கு வேலை கொடுக்கிறது. அதனுடன் வேகமும் வேண்டும். பந்தைத் தூக்கிவிட நினைத்துக் கைகளைச் சுருட்டுவதுதான் பலருக்கு வரும் பழக்கம். சீனக்குடாவில் எனக்குப் பை தூக்கும் கெடித் தம்பி ஒருநாள் எங்களோடு வந்த ஒருவரைப் பார்த்து, “அண்ணை, நீங்கள் பந்தைத் தூக்க வேண்டாம். கிளப்பைக் கீழே விடுங்கோ, பந்து தானாக எழும்பும்” என்றான். இதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது துவாய். தை, மாசி மாதங்களில் இங்கே அதிகாலைப் பனி கடுமையாக இருக்கும். பந்தும் முகமும் நனைந்திருந்தால் சுழற்சி பாதியாகக்கூடக் குறையும், பந்தும் வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பி, விழுந்ததும் ஓடும். முகத்திலுள்ள பள்ளக் கோடுகளின் முக்கிய வேலை தண்ணீரையும் புல்லையும் வாங்கிக்கொண்டு, உலோகமும் பந்தும் நேராகத் தொட வழிவிடுவது. செம்மண்ணின் நுண்துகள் அந்தப் பள்ளங்களில் காய்ந்து அடைத்துக்கொண்டால் கோடு இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஈரத் துவாயால் ஒரு துடை, காய்ந்த துவாயால் ஒரு துடை. வீட்டுக்கு வந்ததும் பல் தீட்டும் பழைய பிரஷ், இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சவர்க்காரம். கடற்காற்றுள்ள ஊர் என்பதால் துடைத்துக் காயவைத்தே பையில் வைக்கிறேன். குரோம் பூசிய வெட்ஜ் என்பதால் துரு இல்லை. பூச்சில்லாத வெட்ஜ் துருப்பிடித்தால் கூடுதலாகச் சுழலும் என்று சிலர் சொல்வதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

பள்ளக் கோடுகளை இன்னும் கூர்மையாக்கும் சிறு கருவிகள் விற்கிறார்கள். அவற்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2010 இலிருந்து கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர்&ஏ, யூஎஸ்ஜீஏ அமைப்புகளின் விதி பள்ளங்களின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் எல்லை வைத்திருக்கிறது. கையால் சுரண்டினால் அந்த எல்லை தாண்டி, போட்டியில் பயன்படுத்த முடியாத கிளப் ஆகிவிடலாம்.

காற்றைப் பற்றி நம்மூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை இறங்கும் மாதங்களிலும் வெட்ஜ் பந்து நினைத்த இடத்தில் விழாது. சுழலும் பந்துக்குக் காற்று தூக்குவிசை கொடுக்கும். எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீற்றர் கத்ரி டெயிற் 1890களிலேயே, கோல்ஃப் பந்து அவ்வளவு தூரம் மிதந்து போகக் காரணம் பின்சுழற்சி என்று விளக்கியவர். எதிர்க்காற்றில் அந்தத் தூக்குவிசை கூடி, பந்து மேலே எழும்பி நின்று, குறிக்கு முன்னாலேயே இறங்கிவிடும். அந்த நேரம் இன்னும் பலமாக அடித்தால் இன்னும் சுழன்று இன்னும் எழும்பும். ஒரு எண் குறைந்த, அதாவது கூடுதல் தூரம் போகும் கிளப்பை எடுத்து, நிதானமாக, முக்கால் அடி அடிப்பதே என் வழி. நுவரெலியாவில் இதற்கு மாறாக இருக்கும். சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் அதே அடி கூடத் தூரம் போகும். அங்கே முதல் சில குழிகளிலேயே தூரத்தைக் குறைத்துக் கணக்குப் போடப் பழக வேண்டும்.

புல்லும் பார்க்க வேண்டிய ஒன்று. வெப்ப நாடுகளின் பல கிரீன்களில் இருப்பது நம் அறுகம்புல்லின் கலப்பினங்கள்தான். வளவில் அறுகு எந்தப் பக்கம் படுத்து வளர்கிறது என்று பார்த்துப் பழகியவர்களுக்குக் கிரீனில் புல் படுத்திருக்கும் திசையை வாசிப்பது எளிது. புல் பந்தின் பயணத்துக்கு எதிராகப் படுத்திருந்தால் துள்ளலுக்குப் பிறகு நன்றாகப் பிடிக்கும், அதே திசையில் என்றால் வழுக்கி ஓடும்.

என் வெட்ஜின் நடுப்பகுதி இப்போது தேய்ந்து மினுமினுக்கிறது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஓரத்துக் கோடுகளில் தடங்குகிறது, நடுவில் தடங்கவில்லை. காய்ந்த, சுத்தமான தரையிலிருந்து அடித்தால் வித்தியாசம் குறைவுதான். நீண்ட புல்லிலிருந்தும் பனி ஈரத்திலும் அடித்தால் பந்து நன்றாகவே கூடுதல் தூரம் ஓடுகிறது. மண்ணிலும் சுண்ணாம்புக்கல் பொடியிலும் இத்தனை காலம் அடித்த கிளப் இவ்வளவு தாக்குப்பிடித்ததே திருப்தி. அடுத்த முறை மச்சான் வரும்போது அதே லொஃப்ட் (முகச் சாய்வு), அதே பவுன்ஸில் புதிது ஒன்று வருகிறது. அது சீனக்குடாவுக்கு மட்டும். பழையதை வளவில் கோடு கீறி அடிக்க வைத்துக்கொள்வேன். வடக்கில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் இதே யோசனைதான்: மண்ணில் பழக ஒரு பழைய வெட்ஜ், மைதானத்துக்கு ஒரு நல்ல வெட்ஜ், மிச்சக் காசு முழுவதும் யூரித்தேன் பந்துக்கு.