22 வாட் போதும்: திருகோணமலைக்கு ஏற்ற வால்வு அம்ப் எது?

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்பைவிடத் தெளிவாக ஒலிக்கும் கிட்டார் அம்ப்பை நான் கேட்டதில்லை. ஆனாலும் திருகோணமலையில் வாங்க நினைப்பவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

1963இல் வந்த அம்ப் அது. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளில் 6எல்6 ரகம் நான்கு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், 85 வாட். தந்தியை எவ்வளவு பலமாகத் தட்டினாலும் வால்வுகளிடம் இன்னும் சக்தி மிச்சமிருக்கும். அலையின் உச்சி வெட்டுப்படாது. அதனால்தான் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கோர்ட்டில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. தேவாலயப் பாடல்களுக்கும் பைலாவின் துள்ளல் கோர்ட்டுகளுக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? சிக்கல், டிஸ்டோர்ஷன் என்ற கரகரப்பு தேவைப்படும்போதுதான் வருகிறது. ட்வினின் வால்வுகள் தாமாகவே உடைந்து ஒலிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால், உப்புவெளி விடுதி எதுவானாலும் முதல் பாட்டு முடிவதற்குள் முகாமையாளர் மேடைக்கு வந்துவிடுவார். போதாததற்கு 29 கிலோ எடை. முச்சக்கரவண்டியில் அதை ஏற்றினால் கிட்டார்காரர் வேறு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

அதே குடும்பத்தின் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட்: இரண்டு 6வி6 வால்வுகள், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். சக்தி நாலில் ஒன்றாகிவிட்டதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 85க்கும் 22க்கும் இடையே இருப்பது சுமார் 6 டெசிபல் மட்டுமே. இந்த 6 டெசிபலை விட்டுக்கொடுத்தால் கிடைக்கும் லாபம் பெரிது. வொலியூமைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து மெதுவாக மீட்டினால் தெளிந்த ஒலி. அழுத்தி மீட்டினால் கரகரப்பு. கிட்டாரின் வொலியூமைக் குறைத்தால் மறுபடியும் தெளிந்த ஒலி. இரண்டு ஒலிகளும் விரல் நுனிக்கு வந்துவிடுகின்றன. குறைகளும் உண்டு. நடு அலைவரிசையைத் திருத்தும் மிடில் குமிழ் கிடையாது. கூடுதலாக முறுக்கினால் பேஸ் தளர்ந்து குழைகிறது. ட்ரம்ஸ்காரர் முரடராக இருந்தால் தெளிவு நிற்காது.

வொக்ஸ் ஏசி30 வேறு சுபாவம். நான்கு இஎல்84, 30 வாட், இரண்டு செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். பீட்டில்ஸ் குழுவின் ஆரம்பகால ஒலி இதிலிருந்து வந்தது. வெளியீட்டு ஒலியின் ஒரு பகுதியைப் பின்னுக்கு அனுப்பித் திருத்தும் நெகட்டிவ் ஃபீட்பேக் இதன் பவர் பகுதியில் இல்லை. ஆகவே தெளிவு எங்கே முடிந்தது, கரகரப்பு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மணி அடித்தது போன்ற அந்த மேல்சுரத்துக்கு நான் மயங்குகிறவன். ஆனால் வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் வால்வுகள் ஏறக்குறைய முழு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொண்டு கொதிக்கும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் மூடிய அறைக்குள் இன்னொரு அடுப்பு எதற்கு? எடையிலும் இது ட்வினை வென்றுவிடும். ஆசை விடவில்லை என்றால் இரண்டு இஎல்84 கொண்ட ஏசி15 இருக்கிறது.

மார்ஷலின் கதை வேடிக்கையானது. 1962இல் லண்டனில் உருவான அவர்களின் முதல் அம்ப், ஃபெண்டரின் பாஸ்மன் என்ற அம்ப்பின் சர்க்கியூட்டைப் பார்த்துச் செய்தது. பின்பு வந்த பிள்ளைகள் தாயைப் போல இல்லை. 1981இன் ஜேசிஎம்800, 2203 மாடல்: நான்கு இஎல்34, 100 வாட். டிஸ்டோர்ஷனில் பெரும்பகுதி, பவர் பகுதிக்கு முன்னால் இருக்கும் ப்ரீஅம்ப்பிலேயே பிறக்கிறது. நடு அலைவரிசை தடிப்பாக இருப்பதால் இசைக்குழுவின் இரைச்சலுக்குள்ளும் கிட்டார் அமுங்காது. மாஸ்டர் வொலியூமைக் குறைத்தும் வாசிக்கலாம். உயிர் சற்றுக் குறையும். தெளிந்த ஒலிக்கு லோ இன்புட்டில் செருகலாம் என்றாலும் ஃபெண்டரின் பளபளப்பு வராது. ரொக் மட்டுமே வாசிப்பவர் 2019இல் வந்த எஸ்சி20ஐப் பார்க்கட்டும். அதே குரல், 20 வாட், தேவையானால் 5 வாட்டுக்கு இறக்கலாம். உவர்மலையில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளுக்கு 5 வாட்டே அதிகம்.

மெசா பூகியின் டூவல் ரெக்டிஃபயர் கனமான மெட்டலுக்கானது. அந்த இசை வாசிக்காதவருக்கு அது வீண் செலவு.

என் காசு டீலக்ஸ் ரிவெர்ப்புக்கும், அதன் முன்னால், காலால் அழுத்திக் கரகரப்பைக் கூட்டும் ஒரு ஓவர்டிரைவ் பெடலுக்கும்தான். கடற்காற்றின் உப்பு வால்வு சொக்கெட்டுகளை அரிக்கும் என்பதால் உறை போட்டு வையுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் எந்த வால்வு அம்ப்பையும் வாசிக்காதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகும்.

வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குவதானால் டொரொன்டோ சித்தப்பாவைவிட லண்டன் மாமா நல்லவர். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன் அம்ப் அப்படியே ஓடும். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். மின்னழுத்தத்தைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தாலும் நம்முடைய 50 ஹேர்ட்ஸ் அப்படியே நின்றுவிடும். 60க்கு மட்டும் செய்த மின்மாற்றி 50இல் கூடுதலாகச் சூடேறும். பணம் அனுப்புவதற்கு முன், வோல்ட்டும் ஹேர்ட்ஸும் எழுதிய பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.