பென்ஷன் டிரெய்னி வேலை: நாலே முக்கால் வருடம் பார்த்த பிறகு

எங்கள் ஊர் ராயக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கூரியர்காரர் ஊருக்குள் வரமாட்டார், மெயின் ரோட்டு டீக்கடைக்கு வரச்சொல்லி போன் அடிப்பார். 2021 ஜூலையில் அப்படிப் போய்த்தான் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கினேன். மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில், தக்காளிப் பெட்டிக்கு மேலே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொரோனா காலம் என்பதால் ஆபீஸ் வாசலை மிதிக்காமலே வேலையில் சேர்ந்த பேட்ச் எங்களுடையது. அன்றிலிருந்து இன்றுவரை அதே கம்பெனிதான். நடுவில் என்னிடம் "பென்ஷன் டிரெய்னின்னு எடுக்கறாங்களாமே, சேரலாமாக்கா?" என்று ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சேர்ந்த எனக்கே தெரியாது. கிருஷ்ணகிரியில் பி.காம். முடித்திருந்தேன். இன்டர்வியூவில் "பென்ஷன் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். "ரிட்டயர் ஆன கவர்மென்ட் ஆளுக்கு மாசாமாசம் வர்றது" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் தனியார் கம்பெனிகளே தங்கள் ஊழியர்களுக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும் திட்டங்களை நடத்தின. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் கடைசி வரை கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு, கடிதம், பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகளில் ஒன்றுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் இருக்கிறது. பட்டதாரிகளை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்துக்கொள்வார்கள். நான் சேர்ந்தது அதில்தான்.

அடிப்படைக் கணக்கு சுலபம். பல திட்டங்களில் ஒரு வருட சர்வீஸுக்குக் கடைசிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு. 24,000 பவுண்டு சம்பளம், 20 வருட சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 8,000 பவுண்டு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். முதல் வாரம் இதைச் சொல்லிக் கொடுத்தபோது இதற்கா இரண்டு வருடப் பயிற்சி என்று நினைத்தோம்.

மூன்றாவது மாதத்தில் தேதிகள் வந்தன. 1978 ஏப்ரல் 6 முதல் 1997 ஏப்ரல் 5 வரை அங்கே நிறைய கம்பெனித் திட்டங்கள் அரசின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகி நின்றன. அதற்கு ஈடாக, குறைந்தது இவ்வளவாவது நாங்கள் கொடுப்போம் என்று ஒரு தொகைக்கு உறுதி தர வேண்டியிருந்தது. அதை ஜி.எம்.பி. என்போம். பெண்ணுக்கு 60 வயதில், ஆணுக்கு 65 வயதில். 1990 மே 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், கம்பெனி பென்ஷனும் சம்பளம் மாதிரிதான், ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்றது. ஜி.எம்.பி.யில் இருக்கும் வித்தியாசத்தையும் சரிசெய்தே ஆகவேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2018 அக்டோபர் 26-ல் தீர்ப்புச் சொன்னது. ஆக 1990-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட சர்வீஸை மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும், இறந்துபோனவர்கள் கோப்பு உட்பட. எங்கள் பேட்சில் இருபத்து மூன்று பேரை எடுத்ததற்கே அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்று டீம் லீட் ஒருமுறை சொன்னார். லண்டன் ஜட்ஜ் எழுதிய தீர்ப்பில் ராயக்கோட்டைக்கு ஒரு வேலை வந்திருக்கிறது, பாருங்கள்.

இந்தத் தேதிகள் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவர் 1989 அக்டோபரில் சேர்ந்து 2003 மார்ச்சில் விலகியவர். 1997 ஏப்ரல் 6-க்குப் பிறகான சர்வீஸுக்கு வரும் பென்ஷன் விலைவாசியோடு வருடா வருடம் ஏறியாக வேண்டும், அது சட்டம். அதற்கு முந்தைய பகுதிக்கு, ஜி.எம்.பி. போக மீதிக்கு, அந்தக் கட்டாயம் இல்லை. சர்வீஸை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான் 1997-க்குப் பதில் 1996 என்று அடித்துவிட்டேன். மொத்தப் பென்ஷன் ஒரு பென்னி மாறவில்லை, அதனால் ஷீட்டும் சிவப்புக் காட்டவில்லை. ஒரு வருட சர்வீஸ் மட்டும், அவர் சம்பளத்துக்கு 350 பவுண்டு, ஏறாத பக்கத்திலிருந்து ஏறுகிற பக்கத்துக்குத் தாவிவிட்டது.

எங்களிடம் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்க்காமல் வெளியே போகாது. செக்கராக இருந்தவர் சேலத்துக்கார அக்கா. கால் பண்ணி, திட்டாமல் கேட்டார்: "இந்த வருஷம் பத்துப் பதினஞ்சு பவுண்டுதான் கூடப் போயிருக்கும். இருபது வருஷம் கழிச்சு தப்பு தெரிஞ்சா, எண்பது வயசு ஆளுகிட்ட பணத்தைத் திருப்பிக் குடுன்னு லெட்டர் யார் எழுதறது? நீயா, நானா?" அன்று ராத்திரி மாடியில் நெட்வொர்க் தேடி உட்கார்ந்து அந்த மாதம் போட்ட எல்லாக் கோப்பையும் திரும்பத் திறந்து பார்த்தேன். வேறு தப்பு இல்லை. ஆனால் இன்றுவரை எந்தக் காகிதத்தில் தேதியைப் பார்த்தாலும் வருடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கிறேன், கல்யாணப் பத்திரிகை உட்பட.

பயிற்சியின் அமைப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் பதிவேடு: முகவரி மாற்றம், வாரிசு விவரம். பிறகு ஒரு வருடம் கணக்கு: விலகியவர், ரிட்டயர் ஆகிறவர், வேறு திட்டத்துக்குப் பணத்தை மாற்றுகிறவர், இறந்தவர். கடைசி ஆறு மாதம் பே-ரோலும் செக்கிங்கும். லண்டனில் இருக்கும் பென்ஷன்ஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்டின் பரீட்சை எழுதினால் பீஸ் கம்பெனி கட்டும், பெயிலானால் நம் கைக்காசு. முதல் தடவை என் கைக்காசு போயிற்று.

இதில் எனக்குப் பிடித்தது இறப்புக் கோப்புகள். கேட்டால் ஒரு மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் எண்கள், இதில்தான் மனிதர் தெரிவார். நடுங்கும் கையெழுத்தில் மனைவி எழுதிய கடிதம், கூடவே ஐம்பது வருடத்துக்கு முந்தைய திருமணச் சான்று. மாதம் பிறந்தால் கணவருடைய பணம் நின்று, மனைவிக்குரிய பாதி தொடங்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அவர் கணக்கில் தப்பான பணம் விழுந்து, அதைத் திருப்பிக் கேட்கும் நிலை வரும். கடிதத்தில் இறந்தவர் பெயரைத் தப்பாக அடித்தால் அது அந்தக் குடும்பத்துக்குப் போகும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். டெம்ப்ளேட் கடிதம்தான், ஆனாலும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

சரி, குறைகள். சம்பளம் முதல் வருடம் கைக்கு 17,000 சொச்சம். வீட்டிலிருந்து வேலை செய்தபோது தாராளமாக இருந்தது. 2022-ல் வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றதும் ஓசூரில் ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் என்று கரைந்தது. வேலை நேரம் பிரிட்டன் கடிகாரப்படி: மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றினால் நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ராத்திரி வீட்டில் விடுவார்கள் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கேப் அத்திப்பள்ளி வரைதான் வந்தது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு, வண்டிக்கு பர்மிட் இல்லையாம். நடுராத்திரி எல்லையில் இறங்கி ஓசூர் பஸ்ஸுக்கு நின்ற நாட்களை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாதம் மெயில் மேல் மெயில் போட்ட பிறகுதான் வேறு வண்டி ஏற்பாடு செய்தார்கள். சேரும்போது 'டிராப் எதுவரை?' என்று ஊர்ப் பெயரோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று பாண்ட். பயிற்சி முடிவதற்குள் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். தொகை ஆஃபர் லெட்டரில் இல்லை, பின்னால் ஒட்டிய இணைப்பில் இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. பென்ஷன் திட்டத்தின் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்க வந்தவள், என் சொந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

படித்த விஷயம் வேறொரு நாட்டுச் சட்டம் என்பதும் உண்மையான குறைதான். நம் ஊரில் வேறு துறைக்குப் போனால் ஜி.எம்.பி. தெரியும் என்பதை யாரும் மதிக்கப் போவதில்லை. என்னோடு சேர்ந்த ஒருவன் இதிலிருந்தே ஆக்சுவரி (இன்சூரன்ஸ், பென்ஷன் திட்டங்களுக்கு எதிர்காலக் கணக்குப் போடுகிறவர்) பரீட்சைக்குத் திரும்பிவிட்டான், அவனுக்குக் கணக்கு வரும். இருபத்து மூன்று பேரில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். போன பதினாலு பேரில் நிறையப் பேர் வேலையை விட்டதும் முதலில் செய்தது பி.எஃப்.பை எடுத்தது, கூடவே 10 சி என்ற படிவம் போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்தது. பகல் முழுக்க அடுத்தவர் பென்ஷனைப் பென்னி சுத்தமாகக் கணக்குப் போட்டவர்கள்!

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. என் சம்பளச் சீட்டைச் சேர்ந்து இரண்டரை வருடம் கழித்துத்தான் நிதானமாகப் பார்த்தேன். எனக்காகக் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து மாதம் 1,250 ரூபாய் தனியே ஒரு கணக்குக்குப் போகிறது: 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33 சதவீதம். 1995 நவம்பர் 16-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டம் அது. கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். எங்கள் அறுபதுக்குப் பதில் இங்கே எழுபது, அவ்வளவுதான்.

2024 தமிழ் வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த ஏப்ரல் 6-ல்தான் பிரிட்டனில் ஒருவர் வாழ்நாளில் வரிச்சலுகையோடு சேர்க்கும் பென்ஷனுக்கு இருந்த ஆயுள் உச்சவரம்பையே ஒழித்து எங்கள் கடிதம் எல்லாவற்றையும் மாற்ற வைத்திருந்தார்கள், தூக்கமே இல்லை. அப்பா ஓசூர் சிப்காட்டில் பாகங்கள் கடையும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தார். முட்டி வலி. "இந்த மாசத்தோட நின்னுடறேன் பாப்பா" என்றார். சரிப்பா என்று சொல்லிவிட்டு, என்னவோ தோன்றி, அவருடைய பி.எஃப். சர்வீஸ் விவரத்தைப் போனில் திறந்தேன்.

அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் ஆறு வருடம், ஏழு வருடம். இரண்டையும் விடும்போது கேட் பக்கத்தில் பி.எஃப். எடுத்துக் கொடுக்கும் ஆள் ஒருவரிடம் கமிஷன் கொடுத்து மொத்தமாக வாங்கியிருக்கிறார். ஒன்று என் காதுகுத்துக்கு, இன்னொன்று போர் போட. பதிமூன்று வருடம் அதோடு போயிற்று. அன்றைக்கே பென்ஷன் பணத்தை எடுக்காமல், அதுவரையான சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தால் சர்வீஸ் தொடர்ந்திருக்கும். மூன்றாவது கம்பெனியில் சேர்ந்தது 2015 பிப்ரவரி. அன்றைக்குக் கணக்கு ஒன்பது வருடம் இரண்டு மாதம்.

மாதாமாதம் பென்ஷன் கிடைக்கப் பத்து வருடம் வேண்டும். ஆனால் ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், ஆக ஒன்பதரை போதும். "இன்னும் நாலு மாசம்பா" என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் சேலத்து அக்கா ஞாபகம் வந்து மறுபடி பார்த்தேன். சம்பளம் இல்லாத நாட்கள் என்று 87 நாள் பதிவாகியிருந்தது. 2020 லாக்டவுன், அப்புறம் முட்டிக்கு லீவு. அந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். ஆகஸ்டில் நின்றிருந்தால் மாதாமாதம் வரும் பென்ஷன் கிடைத்திருக்காது.

"நவம்பர் முடியட்டும்பா. ஒரு நாள்கூட லீவு போடாதே."

"நீ எனக்கே சூப்பர்வைசரா?" என்றார். ஆனால் போனார். உட்கார்ந்து பார்க்கும் வேலையாக மாற்றிக் கொடுக்க கம்பெனியும் ஒத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் 58 முடிந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.எஃப்.பில் பின்னால் என்ற தகராறைச் சரிசெய்துவிட்டு, மாதப் பென்ஷன் கேட்கும் 10 டி படிவம் போட்டோம். 15,000 பெருக்கல் 10 வகுத்தல் 70: மாதம் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லை. அப்பா அதை "பால் காசு" என்கிறார். பால் காசும் மாட்டுத் தீவனமும் அதில் ஓடுகிறது.

ஆக, சேரலாமா? பி.காம்., பி.எஸ்சி. எதுவானாலும் பொறுமையாகப் படிக்கவும் தன் தப்பை இன்னொருவர் சொல்லக் கேட்கவும் முடிகிறவர்கள் சேரலாம். முதல் ஆறு மாதத்தில் ஓடத் தோன்றும், ஒன்றரை வருடத்தில் சுவாரஸ்யம் வரும். மூன்றாம் வருடம் சம்பளம் சுமாராக ஏறும், நான் இப்போது செக்கர். அதிகம் சம்பாதிக்க அவசரம் என்றாலோ, இரவில் கண்விழிக்க உடம்பு ஒத்துழைக்காது என்றாலோ வேண்டாம். பத்து வருடம் இதிலேயே இருப்பேனா என்று கேட்டால், எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

போன மாதம் அப்பாவுக்கு முதல் முறையாக உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுக்கலாம். திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் போனை நீட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அப்பா விறைத்துப்போய் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை தோற்றது.

"சிமிட்டுப்பா!"

"உசிரோட இருக்கறவன் தானா சிமிட்டுவான், சொல்லிச் சிமிட்டுனா எப்படிடீ வரும்?"

அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவர் திரும்பிப் பார்த்துச் சிமிட்டினார், போன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நாலாவது தடவைதான் பச்சை டிக் விழுந்தது.