தீப்பொறி காட்டி ஏமாற்றினான்: பழைய கட்டர் வைத்திருப்பவர்கள் கவனம்

சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லோரியில் பெசி பூரோக் (பழைய இரும்பு) வாங்க வருகிறவர்களில் ஒருவனுக்கு கட்டர் (மிஷினில் பூட்டி இரும்பை வெட்டும் கருவி) சமாச்சாரம் அத்துப்படி. தெரியாதவன் போல நடிக்கிறான். நான் ஏமாந்தது அப்படித்தான்.

அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டர். ரோலர் மிஷினில் பல்சக்கரம் உடைந்தால் இங்கிலாந்திலிருந்து புதிது வரும்வரை ஆலை சும்மா நிற்குமா? பட்டறையிலேயே வெட்டிப் போடுவார்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது ஆலையை மூடினார்கள். வேலையை விட்டு வரும்போது அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே பல்சக்கரம் வெட்டும் கியர் கட்டர், துளையைச் சீராக்கும் ரீமர், மரை வெட்டும் டேப், கடைசலுக்கான டூல் பிட் ஒரு கட்டு. அவர் போன பிறகு பத்து வருடம் அது மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. வீடு மாறுகிறோம், இடத்தை அடைக்கிறது என்று நானும் விற்க நினைத்தேன்.

லோரிக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணே, உங்களுக்கே காட்டுறேன், அப்புறம் விலை பேசலாம்" என்றான். முதலில் காந்தத்தை வைத்தான். ஒட்டியது. "பாத்தீங்களா, வெறும் இரும்பு." பிறகு லோரியிலிருந்து சின்ன கிரைண்டரை இறக்கினான். ஒரு பழைய அரத்தை அதில் வைத்ததும் மத்தாப்பு மாதிரி வெள்ளையாக நட்சத்திரம் தெறித்தது. "இது நல்ல இரும்பு." அடுத்து அப்பாவுடைய ரீமரின் வால்பகுதியை வைத்தான். மங்கலான சிவப்பில் நாலைந்து கோடு, அவ்வளவுதான். "உசிரே இல்லண்ணே. செத்த இரும்பு."

கண்ணால் பார்த்த பிறகு என்ன பேசுவது? மொத்தம் 46 கிலோ, கிலோ 1 வெள்ளி 20 காசு. 55 வெள்ளி கையில் வந்தது. 20 காசைச் சில்லறை இல்லை என்று அதையும் விட்டுவிட்டான்.

மூன்று வாரம் கழித்து மகன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். அப்பாவின் பெட்டியேதான். மூடியில் சூட்டுக்கோலால் போட்ட அவருடைய குறி கூட அப்படியே இருக்கிறது. கியர் கட்டர் மட்டும் 850 வெள்ளி. டேப், ரீமர் எல்லாம் தனித்தனி விலை.

அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார். கட்டரில் மங்கலான சிவப்புப் பொறி வந்தால் அது ஹைஸ்பீடு ஸ்டீல், சூடானாலும் கூர் போகாத எஃகு. கரி அதிகமுள்ள சாதாரண எஃகில்தான் வெள்ளைப் பொறி பூவாக வெடிக்கும். அரம் அந்த ரகம். ஹைஸ்பீடு ஸ்டீலில் டங்ஸ்டன் சேர்ந்திருப்பதால் பொறி மங்கும். பழைய ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு டங்ஸ்டனே இருக்கும். உருக்கிப் போடுவதற்கு என்றாலும் சாதாரண இரும்பு விலைக்குக் கொடுக்கக் கூடாத சரக்கு. ஆக அவன் காட்டிய சோதனை சரியான சோதனைதான், பதிலை மட்டும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறான். காந்தமும் அப்படியே. ஹைஸ்பீடு ஸ்டீலில் காந்தம் நன்றாகவே ஒட்டும். கோபால்ட் கலந்திருப்பதால், கார்பைடு என்ற இன்னும் கடினமான கருவிப் பொருள் கூட காந்தத்தை லேசாக இழுக்கும். காந்தத்தை வைத்து யாராவது விலை பேசினால் பெட்டியை மூடிவிடுங்கள்.

லோரிக்காரன் இன்னொன்றும் சொல்லியிருந்தான்: "ஒரே சைஸ்ல இத்தனை எதுக்குண்ணே, ஒண்ணு போதுமே." கியர் கட்டர் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பிட்சுக்கு, அதாவது ஒரு பல் அளவுக்கு, எட்டு கட்டர் சேர்ந்தால்தான் ஒரு செட். பல் எண்ணிக்கை குறையக் குறைய பல்லின் வளைவு மாறும், அதனால்தான் எட்டு. அங்குலக் கணக்கில் அந்த அளவு டிபி (டயமெட்ரல் பிட்ச்) என்று பொறித்திருக்கும். அதில் 1ஆம் எண் 135 பல்லிலிருந்து, பல் வெட்டிய நேர்ச்சட்டம் வரைக்கும், 8ஆம் எண் 12, 13 பல்லுக்கு. மில்லிமீட்டர் கணக்கிலுள்ள மோட்யூல் கட்டரில் இந்த வரிசை அப்படியே திரும்பிவிடும், 1ஆம் எண்தான் 12 பல்லுக்கு. இரண்டையும் கலந்து வைத்து செட் என்று விற்றால் தெரிந்தவன் வாங்க மாட்டான். பக்கத்திலேயே 14½ என்றோ 20 என்றோ இருக்கும், அது அழுத்தக் கோணம், பல் பக்கத்தின் சாய்வைச் சொல்வது. 14½ பழைய காலத்துக் கணக்கு. பழைய மிஷினைச் சரிசெய்கிறவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய மரைக்கான டேப்பும் அப்படித்தான். அதன் மரைக் கோணம் 55 பாகை, இன்றைய மெட்ரிக்கில் 60. ஒன்றுக்கு மற்றது சேராது.

துரு பிடித்திருக்கிறதே என்று எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து அழிந்தால் அது என்ன கட்டர் என்று சொல்ல முடியாது, விலையும் போச்சு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். பல் உடைந்திருக்கிறதா, வெட்டும் முனையில் துரு அரித்திருக்கிறதா என்று பாருங்கள். கியர் கட்டரைச் சாணை பிடிக்க வேண்டுமென்றால் பல்லின் முன்முகத்தில் மட்டும்தான். முதுகில் சாணை பட்டிருந்தால் வளைவு கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்கு உருக்கும் சரக்கின் விலைதான்.

போலீஸில் கேட்டேன். நீங்களே விலை பேசி விற்றிருக்கிறீர்களே என்றார்கள். அதுவும் சரிதான். பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாங்கி ஏமாந்தவர்களுக்கு. நான் விற்று ஏமாந்தவன்.

போன வாரம் சாமான் ஏற்றும்போது ஆணி போட்டு வைத்திருந்த மைலோ டின்னைக் கொட்டினேன். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு கட்டர். 5 டிபி, 6ஆம் எண். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவின் கையெழுத்து, பென்சிலில்: "18 பல். 4 இஞ்ச். 2 சுத்து 4 ஓட்டை." மாமாவிடம் காட்டினேன். 18 பல் வெட்ட, சக்கரத்தைச் சம பாகமாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை ஒவ்வொரு பல்லுக்கும் அப்படித்தான் திருப்ப வேண்டுமாம்.

விளம்பரம் இன்னும் இருக்கிறது. "ஏழு கட்டர், 6ஆம் எண் மட்டும் இல்லை" என்று போட்டிருக்கிறான்.