திருகோணமலை றோட்டுக்கு எந்த மின்கதிரை?

திருகோணமலையில் அன்றாடம் ஓடித்திரிய பவர் வீல்செயார் ஒன்று தேடுபவருக்கு இன்று நாலு வழி இருக்கிறது. ஒன்று, மடக்கி எடுத்துப் போகும் பாரம் குறைந்த மின்கதிரை. அடுத்தது, இருக்கை சாயும், உயரும் பாரமான முழு மின்கதிரை. மூன்றாவது, கையால் உருட்டும் கதிரைக்கு முன்னால் கொளுவும் மோட்டர் சில்லு. நாலாவது, ஐபொட் (iBOT) என்ற படியேறும் மின்கதிரை. எனக்கு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இல்லை. கை நன்றாக வேலை செய்யும், ஆனால் வருடக்கணக்காகக் கதிரை உருட்டித் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. முதல் மூன்றையும் இந்த ஊர் றோட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஐபொட்டை முதலில் பேசி முடிப்போம், வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவின் டீன் கேமன் உருவாக்கியது. பக்கத்துக்கு இரண்டாக நாலு பெரிய சில்லு. ஒன்றின் மேல் ஒன்று சுழன்று படியேறும். பின் சில்லு இரண்டில் மட்டும் நிமிர்ந்து, நிற்கும் ஆளின் கண்மட்டத்துக்கு நம்மை உயர்த்தும். மணலிலும் நாலு சில்லும் இழுக்கும். டச் பே கடற்கரையில் தண்ணீர் ஓரம் வரை போக நான் ஆசைப்படாத நாளில்லை, அதை இந்த மெஷின் செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அதன் கதையைப் பாருங்கள். 2003 இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது, 2009 இல் விற்பனை நின்றது. விலை 25,000 டொலருக்கு மேல். அங்கேயே அரசுக் காப்புறுதி அதன் விசேட வசதிகளுக்குப் பணம் தர மறுத்தது. பிறகு மோபியஸ் என்ற கம்பனி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தக் கம்பனி இருப்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில். இங்கே ஒரு சர்க்யூட் போர்ட் எரிந்தால் பார்ட்ஸ் வரும்வரை கட்டிலில்தான் கிடக்க வேண்டும். அதோடு, படியை ஏன் கதிரை ஏற வேண்டும்? பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் இலங்கையில் 2006 இலேயே வந்துவிட்டன. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளத்தில் கட்டினால், 15 சென்ரிமீற்றர் உயரமான மூன்று படிக்கு ஐந்தரை மீற்றர் நீளச் சாய்தளம் போதும். ஒரு ஐபொட்டின் விலையில் இந்த ஊரில் எத்தனை வாசலுக்கு அதைக் கட்டலாம் என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

சரி, வாங்கக்கூடியவற்றுக்கு வருவோம்.

மடக்கும் மின்கதிரையைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். அலுமினியச் சட்டம், லித்தியம் பட்டரி, இரண்டு மோட்டர், எல்லாம் சேர்ந்து 25 கிலோ அளவில். ஓட்டோவின் பின் சீற்றில் ஏறும், பழைய வீட்டுக் கதவுக்குள்ளும் போகும். பட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். வீட்டுக்குள், வங்கியில், ஆஸ்பத்திரி நடையில் இதற்கு ஈடு கிடையாது.

குறை எல்லாம் முன்னால் இருக்கும் சின்னச் சில்லில். நகரத்தில் தண்ணீர் ஓடும் கானை மூடியிருக்கும் கொங்கிறீற் பலகைகளுக்கு இடையில் விரற்கடை இரண்டு மூன்றுக்கு நீக்கல் இருக்கும். அதில் அந்தச் சில்லு நேராக இறங்கினால் கதிரை அப்படியே நிற்கும், ஆள் முன்னால் சரிவார். உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கைகளில் மணல் கொஞ்சம் கூடினாலே சில்லு புதையும், பின் மோட்டர் மேலும் தள்ளிப் புதைக்கும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் றோட்டில் இது ஏறத்தான் செய்கிறது, ஆனால் பாதியில் மோட்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறது. ஒரு பட்டரிக்கு 20 கிலோமீற்றர் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கு சமதளத்தில் எடுப்பது. ஏற்றமும் மணலும் உள்ள ஊரில் அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாரியில் வாடைக்காற்று கடலில் இருந்து நேரே வீட்டுக்குள் அடிக்கும். மலிவான கதிரைகளில் பட்டரி கொளுவும் செப்பு முனையைச் சில மாதம் கழித்துப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கதிரை விட்டு விட்டு ஓடும், பழுது எங்கே என்று பிடிபடாது. கதிரையை ஓட்டும் பிடியான ஜொய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கதை முடிந்தது. வாங்கும்போது, சில்லுக்கதிரைகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176 இன்படி சோதித்ததா என்று கேளுங்கள். மழை, வெப்பம் தாங்குமா என்று பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று.

பாரமான முழு மின்கதிரை வேறு உலகம். சுவீடனின் பேர்மொபில் போன்றவை செய்வது. நடுச்சில்லு இழுக்கும் வகை நின்ற இடத்திலேயே திரும்பும், ஆனால் குழிக்கு மேல் முன்சில்லும் பின்சில்லும் ஏறிக்கொண்டால் நடுச்சில்லு அந்தரத்தில் சுழலும். நம் றோட்டுக்கு முன்சில்லு இழுக்கும் வகைதான் நல்லது; விளிம்பு ஏறும், மணலிலும் பரவாயில்லை. திரும்பும்போது பின்பக்கம் வீசும், அது பழக வேண்டும்.

இதன் உண்மையான பெறுமதி ஓட்டத்தில் இல்லை, சாய்மானத்தில் இருக்கிறது. இருக்கை முழுதாகப் பின்னால் சாயும்போது இடுப்பெலும்பின் மேல் இருக்கும் பாரம் முதுகுக்கு மாறும். கழுத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர், தசை தளர்ந்துபோகும் நோய் உள்ளவர், கையை ஊன்றித் தன்னைத் தூக்க முடியாதவர், இவர்களுக்குப் படுக்கைப்புண்ணைத் தடுக்க இது பெரிதும் உதவும். எலும்பு வரை போன புண் மாதக்கணக்கில் ஆளைக் குப்புறப் போட்டுவிடும், உயிரையும் எடுக்கும். மலிவு என்று அவர்களுக்கு மடக்கும் கதிரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இதை உறவினர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

கஷ்டம் என்னவென்றால், 100 கிலோவுக்கு மேல். "அண்ணன், ரெண்டு பேர் வந்தாலும் இதைத் தூக்கேலாது" என்று ஓட்டோத் தம்பி கையை விரித்துவிடுவார். சாய்பலகை உள்ள வான் வேண்டும். அதிகமானவை ஈய அமில பட்டரி, 12 வோல்ட்டில் இரண்டு. எட்டுப் பத்து மணித்தியாலம் சார்ஜ் ஏற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது இந்தக் கதிரைக்காரர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. பட்டரி மாற்றும்போது கார் பட்டரி போட வேண்டாம், அது சீக்கிரம் செத்துவிடும். சோலார் கடைகளில் விற்கும் ஜெல் வகையில் அளவு பொருந்துமா என்று பாருங்கள்.

இன்னொன்று. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் பாவித்த நல்ல கதிரை அனுப்புவார். சார்ஜரின் பின்னால் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 இல் புகைந்துபோகும். 100 முதல் 240 என்று இருந்தால் பயமில்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, முன்னால் கொளுவும் மோட்டர் சில்லு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் இந்த வகைதான், 2021 இல் வந்தது. உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர். கையால் உருட்டும் கதிரைக்கு முன்னால் பெரிய சில்லும் ஹான்டிலும் உள்ள அலகைக் கொளுவினால், சின்னச் சில்லுகள் நிலத்தில் இருந்து எழும்பிவிடும். அந்த ஒரு விசயமே என் கான் பலகைப் பிரச்சினையைத் தீர்க்கிறது. கடை வாசலில் கழற்றிவிட்டுக் கையால் உள்ளே போகலாம். ஓட்டோவில் கதிரை ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் ஏறும். பழுது பார்ப்பதும் லேசு: ரியூப், பிரேக் வயர் எல்லாம் சைக்கிள் கடைச் சாமான். மோட்டரும் கொன்றோலரும் மின்சைக்கிளில் இருக்கும் அதே வகை, கை பழகிய பெடியன் ஒருவன் திறந்து பார்ப்பான்.

இதிலும் ஆபத்து உண்டு. ஆளின் பாரம் பின்னால் இருப்பதால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சில்லு பிடிமானம் இல்லாமல் சுழலும், சரளைக் கல்லில் கட்டாயம் சுழலும். கோட்டை ஏற்றத்தில் நான் உடம்பை முன்னால் சாய்த்து, மற்றக் கையால் பின்சில்லையும் தள்ளித்தான் ஏறுகிறேன். நடு றோட்டில் கோட்டைக்குள் திரியும் மான் படுத்திருந்தால் நிறுத்தி, திரும்ப எடுப்பது இன்னும் சிரமம். வளைவில் வேகமாகப் போனால் கவிழும். உட்துறைமுக வீதி நேராக இருக்கிறதே என்று 25 இல் விடாதீர்கள். இடுப்புக்கு மேல் உடம்பில் சமநிலை இல்லாதவருக்கும் விரல் பிடிக்காதவருக்கும் இது சரிவராது.

அப்போ கை நன்றாக இயங்குபவருக்கு, வெளியில் போக வர என்றால், கொளுவும் மோட்டர். தோள் முற்றாகத் தேய்ந்தவர், வயது போனவர், பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர் மடக்கும் கதிரை எடுக்கலாம். தன்னைத் தூக்கிப் பாரத்தை மாற்ற முடியாதவருக்குச் சாயும் பெரிய கதிரைதான். வானுக்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டும்.

காசு கொடுக்க முன் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஏற்றத்துக்குப் போங்கள். பாதியில் ஜொய்ஸ்டிக்கை விட்டுப் பாருங்கள். மின்கதிரை என்றால் மின்காந்த பிரேக் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். கையால் தள்ளுவதற்காக மோட்டரை விடுவிக்கும் நெம்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள். சரிவில் நிற்கும்போது யாராவது உதவி செய்வதாக நினைத்து அதைத் தட்டிவிட்டால் பிரேக்கே இருக்காது.