காலியா, திருகோணமலையா?

பழைய கோட்டை, துறைமுகம், குளிக்கக் கடல், மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் இலங்கையில் இந்த இரண்டு ஊர்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். எதற்குப் போவது என்பதில் பாதியை மாதமே தீர்மானித்துவிடும். காலிப் பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும். திருமலையில், அதாவது திருகோணமலையில், மே முதல் செப்டம்பர் வரை குளம்போலக் கிடக்கும். மாறிப் போனால் அலையைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

காலியின் பலம் நடைதான். கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், 1755இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய தேவாலயம் எல்லாம் நாலு தெருவுக்குள். பழைய வாசலின் உட்புறம் நின்று நிமிர்ந்து பாருங்கள்: இரண்டு சிங்கங்களுக்கு நடுவே ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை, மேலே ஒரு சேவல், கூடவே 1669 என்ற ஆண்டு. 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சின்னாபின்னமானபோது உள்ளே இருந்த வீடுகளைப் பெரும்பாலும் காத்தது இந்த மதில்தான். அந்தி நேரத்தில் அதன்மேல் நடக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

தமிழர்களுக்குக் காலியில் இன்னொரு சொந்தமும் உண்டு. சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டு தேதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில், 1911இல் இங்கேதான் கிடைத்தது. ஆனால் அதைப் பார்க்கக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

துறைமுகம் என்று வந்தால் பேச்சே இல்லை, திருமலைதான். காலிக் குடாவில் பாறைகள் அதிகம். கொழும்பில் அலைதடுப்பு கட்டி முடிந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. திருமலையோ மலைகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம். அதற்காகவே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அதற்காகத்தான்.

கடற்கரைக்கும் என் ஓட்டு அங்கேதான். காலிக்குப் பக்கத்து உனவட்டுன அழகுதான், ஆனால் கடையும் விடுதியும் மணலை நெருக்குகின்றன. திருமலைப் பக்கத்து நிலாவெளியில் மூச்சுவிட இடம் இருக்கிறது. படகில் புறாத்தீவுக்குப் போனால் பவளப்பாறை மேலே நீந்தலாம்.

பயணத்தில் காலி சுலபம்: கொழும்பிலிருந்து கடலோர ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். திருமலைக்கு ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். அப்படியும் ஒன்றுதான் முடியும் என்பவர்களை நான் திருமலைக்கே அனுப்புவேன், கோணேசர் கோயிலுக்காக. சம்பந்தர் பாடிய அந்தத் தலத்தை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் கயல் பொறித்த கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, புள்ளிமான்கள் மேயும் பாதையில் மெல்ல ஏறுங்கள். உச்சியில், இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குப் பக்கத்து மரத்தில், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.