ஆறு வருஷப் புழக்கத்தில்: வார்னிஷ் அடித்த மேசையும் எண்ணெய் பூசிய மேசையும்

ஆறு வருஷத்துக்கு முன் பூச்சு உரிந்து கிடந்த இரண்டு மர மேசைகளை வீட்டிலேயே புதுப்பித்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ், எழுதும் மேசைக்கு ஆளிவிதை எண்ணெய். இரண்டும் தினமும் புழங்குபவை.

பழைய பூச்சு என்னவென்று பார்க்க, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்தேன். எழுதும் மேசையில் பூச்சு பிசுபிசுவென்று இளகியது. ஸ்பிரிட்டில் இளகினால் அது அரக்குப் பாலிஷ்! ஸ்பிரிட்டால் துடைத்தே பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். சாப்பாட்டு மேசை அசைந்து கொடுக்கவில்லை. 80, 120, 180 என்று (எண் ஏற ஏறத் தாள் நயமாகும்) உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மர ரேகைக்குக் குறுக்கே தேய்த்துவிட்டேன். வெறும் மரத்தில் அது கண்ணில் படவே இல்லை. வார்னிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரிந்தது, இன்றும் தெரிகிறது.

வார்னிஷை மெல்லிசாக மூன்று தடவை அடித்தேன், நடுநடுவே 320 தாளால் லேசாகத் தேய்த்து. மறுநாளே காய்ந்த மாதிரி இருக்கும், நம்ப வேண்டாம். முழுசாக இறுக ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை நான் விரிப்பு போடவில்லை. அதன்பின் தண்ணீருக்கு அது அசரவே இல்லை. ஆனால் நாலாம் வருஷம் ஆழமாக ஒரு கீறல் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் பூசினேன், ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. கடைசியில் மேல்பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடித்தேன்.

எண்ணெய் மேசையில் சூடான டம்ளர் வைத்தால் வட்டம் விழுகிறது, ஈரம் நின்றால் கறுக்கிறது. அதெல்லாம் உண்மை. ஆனாலும் என் மனசு இதன் பக்கம்தான். கறை பட்ட இடத்தை 320 தாளால் தேய்த்து ஒரு கை எண்ணெய் விட்டால் அரைமணி வேலை, ஒட்டு தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் பூசுகிறேன். பூசிக் கால்மணி கழித்து மிச்ச எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். முதல் தடவை அப்படியே விட்டதில் ஒரு வாரம் கையில் ஒட்டியது. டர்பன்டைன் போட்டுத்தான் துடைத்தேன்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நான் ஒவ்வொரு முறையும் வெளியே தனித்தனியாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகே குப்பையில் போடுகிறேன்.