யூனெட்ஸ்டேக்: நீருக்கடி ரவுட்டிங் எழுதுபவர்களுக்கு

நீருக்கடி சென்சார் நெட்வொர்க்குக்கு ரவுட்டிங் (செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல்) எழுதுகிறவர், எந்த மென்பொருளில் எழுதிச் சோதிப்பது என்று யார் கேட்டாலும், நான் முதலில் நீருக்கடி நெட்வொர்க்குக்கான யூனெட்ஸ்டேக்கைத்தான் சொல்வேன். அதன் சிமுலேட்டரில் ஓடிய அதே ஏஜென்ட்டை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியை), யூனெட்ஸ்டேக் ஓடும் நிஜ ஒலி மோடத்திலும் அப்படியே ஏற்றிவிடலாம். கடலுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் இன்னொரு தடவை எழுதும் வேலை மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது ரவுட்டிங்கை அவர்கள் பிரித்து வைத்திருக்கும் விதம். பாக்கெட்டை அடுத்த நோடுக்கு, அதாவது நெட்வொர்க்கின் அடுத்த கருவிக்கு, தள்ளிவிடுவது 'ரவுட்டர்' என்ற ஏஜென்ட். வழி தேடுவது வேறு ஏஜென்ட். அது கண்டுபிடித்த வழியை அறிவித்தால் போதும், ரவுட்டர் தன் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும். அதனால் வழி தேடும் பகுதியை மட்டும் ஜாவாவிலோ க்ரூவியிலோ எழுதி மாட்டிவிடலாம், மற்றதைத் தொடவே வேண்டாம்.

ஒரு தடவையாவது நிஜ நேர முறையில் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான் போகும். 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நோடுக்குச் செய்தி போய்ப் பதில் வருவதற்குப் பயண நேரமே 4 நொடி. வழி கேட்கும் கோரிக்கை ஒவ்வொரு நோடாகத் தாண்டிப் போவதை ஷெல்லில் (கட்டளைத் திரையில்) காத்திருந்து பார்த்தால், வைஃபை பழக்கத்தில் 'நான் இருக்கிறேன்' என்று பக்கத்து நோடுகளுக்கு அடிக்கடி அனுப்பும் 'ஹலோ' பாக்கெட்டுகள் எவ்வளவு பெரிய வீண்செலவு என்று புரியும். ஒலி மோடத்துக்குக் கேட்பதைவிட அனுப்பத்தான் பல மடங்கு மின்சாரம் வேண்டும், கடலடியில் பேட்டரி மாற்றுவதும் லேசான காரியம் இல்லை. நீண்ட சோதனைகளுக்கு, காத்திருக்கத் தேவையில்லாத வேகமான முறையும் உண்டு.

சிங்கப்பூர் கடலில் 2013ல் நடந்த 'மிஷன்' என்ற நெட்வொர்க் சோதனையின் நெட்வொர்க்கும் மாதிரியாகக் கூடவே வருகிறது. உங்கள் புரோட்டோகாலை அதில் கட்டாயம் ஓட்டுங்கள். சம இடைவெளியில் வைத்த கற்பனை நோடுகளை மட்டும் நம்பாதீர்கள்.

எல்லா வகை ரவுட்டிங்கும் இதில் எளிதாக உட்காராது. ஆழத்தைப் பார்த்து அனுப்பும் டிபிஆர் (டெப்த் பேஸ்டு ரவுட்டிங்) முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அட்டவணையே கிடையாது. மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் நோடு குறைவாகக் காத்திருந்து முதலில் அனுப்பும், அதைக் கேட்ட மற்றவை தங்கள் நகலை விட்டுவிடும். இதற்கு நீங்களே தனி ஏஜென்ட் எழுத வேண்டும். டிபிஆரையும், நோடுகளின் இருப்பிடத்தைப் பார்த்து அனுப்பும் விபிஎஃப் (வெக்டர் பேஸ்டு ஃபார்வர்டிங்) முறையையும் ஒப்பிடுவதுதான் உங்கள் வேலை என்றால், என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டர் மேல் கட்டிய நீருக்கடி சிமுலேட்டரான அக்வா-சிம் என்ஜிக்குப் போங்கள். இரண்டுமே அதில் தயாராக இருக்கின்றன.

மற்றபடி பழகுவதற்கு இலவச கம்யூனிட்டி பதிப்பே போதும். மோடம் கையில் இல்லையா? லேப்டாப்பின் ஸ்பீக்கரையும் மைக்கையுமே மோடமாக்கும் யூனெட் ஆடியோ இருக்கிறது, அதில் தொடங்குங்கள்.